அப்பாவின் இலையில் உப்பு

இந்த ஊரில் ஈஸ்டர் வந்தால் பால் பாக்கெட்டில் கொலை நடக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் டீ போடப் பாலை எடுத்தால் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு படக்கதை இருக்கும். ஒருவன் பனியில் குப்புறக் கிடப்பான், தலைமாட்டில் ஓர் அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், கொன்றது யார் என்று பால் குடிப்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். போஸ்கெக்ரிம் என்று இதற்குப் பெயர். ஈஸ்டர் குற்றக்கதை என்று சொல்லலாம். அந்த ஒரு வாரம் நார்வே முழுக்க வேலைவெட்டியை விட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் ஹித்தே என்கிற மரவீடுகளுக்குப் போய், ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டு, யார் யாரைக் கொன்றார்கள் என்று படிக்கும். எட்டு வருடத்துக்கு முன்பு வந்த புதிதில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, நம்மூர்ச் சுவர்களில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி இங்கே பாலில் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். "பாவம், யாருங்க செத்துட்டாரு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். மீன் ஃபேக்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சிரித்துப் புரையேறி அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு ஊரில் சாவுச் சேதி எப்படி வரும் என்பது ஞாபகம் வந்தது. எங்கள் மரக்காணத்துப் பக்கம் போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது. ஆள் அனுப்பி நேரில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவன்கூட அந்தச் சாவுக்கு வர மாட்டான்.

இந்த வருடம் கொலைக்கதை பாலோடு நிற்கவில்லை. கெட்டி அட்டை போட்ட நாவலாக, தபாலில், என் பெயருக்கே வந்தது. எழுதியவர் பேரித். எழுபது வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்ப்ரோக்கஃபே நடக்கும். என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் காபியும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்து உடைந்த நார்வேஜியனில் பேசுவோம், பேரித் போன்றவர்கள் பொறுமையாகக் கேட்டுத் திருத்துவார்கள். இந்த நாட்டில் எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வராது, டீச்சர் என்பேன். "நான் இப்போது ஆசிரியை இல்லையே, தேவகி" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் தலையாட்டிவிட்டு மறுபடி டீச்சர் என்பேன். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை செய்கிறவளுக்கு, சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் முகத்தைப் பார்த்துப் பேச ஓர் ஆள் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நாவலின் முதல் பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தார்: "தேவகிக்கு. உப்புக்கு நன்றி." உப்புக்கு நன்றி என்று ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தால் அவள் என்ன ஆவாள்? கண் கலங்கி, அந்தப் பக்கத்தை வீட்டுக்காரரிடம் காட்டி, இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

எந்த உப்பு என்று சொல்ல வேண்டும். மூன்று குளிர்காலத்துக்கு முன்பு, நவம்பர் மாதம், இந்த ஊர்க்காரர்கள் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் வாரம். உங்கள் ஊரில் செத்தவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்பதுதான் அன்றைய பேச்சு. என் முறை வந்தபோது அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அப்பா உப்பளத்தில் தண்ணி கட்டுகிறவர். கடல் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் திறந்துவிட்டு, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாளு" என்பார். சொன்னபடி மூன்றாம் நாள் உப்புப் பூத்திருக்கும். அம்மா அதே அளத்தில் கூடை சுமந்தவள். எனக்குப் பத்து வயது, அண்ணன் ஏழுமலைக்குப் பதினாறு. ஐப்பசி மழையில் அளமெல்லாம் தண்ணீருக்குள் போய் வேலை நின்றிருந்த ஒரு நாள், அப்பா ஊரையொட்டிய கழுவெளி ஏரிக்கு இறால் பிடிக்கப் போனார். கரையில் சட்டையும் சோற்று டப்பாவும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமலே பதினாறாம் நாள் காரியம் செய்தோம். அம்மா தாலியைக் கழற்றினாள். நான் அழுது அழுது ஜுரத்தில் விழுந்தேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, இதைத்தான் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் இருக்கிறதே! அமாவாசைப் படையலைப் பற்றியும் சொன்னேன். எங்கள் தெருவில் செத்தவர்களுக்குப் படைக்கிற சோற்றிலும் குழம்பிலும் உப்புப் போட மாட்டார்கள். வாழ்நாள் முழுக்க உப்பில் நின்றவனுக்குச் செத்த பிறகாவது அது வேண்டாம் என்பார்கள் சிலர். உப்புப் பட்டால் வந்த ஆவி திரும்பிப் போய்விடும் என்பார்கள் வேறு சிலர். எங்கள் தெருவில் அமாவாசைப் படையலுக்கும் மீன் உண்டு. அம்மா ஒரே சட்டியில்தான் மீன் குழம்பு வைப்பாள். கொதித்ததும் தாத்தாவின் இலைக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு, பிறகு உப்புப் போடுவாள். அப்பாவின் இலைக்கு மட்டும், உப்புப் போட்ட பிறகு, நாங்கள் சாப்பிடுகிற சட்டியிலிருந்தே எடுப்பாள். யாரும் சொல்லி எனக்கு இது தெரியவில்லை. இலைக்குக் கொண்டுபோகும்போது விரலை விட்டு நக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஏம்மா என்று கேட்டதற்கு, "உங்கப்பனுக்கு உப்பு கம்மியா இருந்தா தட்டத் தூக்கி எறிவாரு, தெரியாதா உனக்கு?" என்றாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. செத்தும் அதிகாரம் குறையாத அப்பா! நான் சொல்லச் சொல்ல பேரித் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். என் இலக்கணப் பிழைகளைக் குறிக்கிறார் என்று நினைத்து, கவனமாக நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.

நாவலைப் படிக்க மூன்று வாரம் ஆனது. துப்பறியும் அதிகாரி ஒரு பெண். விவாகரத்து ஆனவள், காபியாகக் குடிக்கிறாள், மகளோடு பேச்சுவார்த்தை இல்லை. இந்த ஊர் நாவல்களில் அதிகாரிகள் எல்லாரும் அப்படித்தான், நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் துப்புத் துலங்காது போலிருக்கிறது. ஒரு தீவில், படகுக் கொட்டகைக்குள் ஓர் ஆணின் பிணம் கிடக்கிறது. முகம் தெரியவில்லை. அந்தத் தீவில் இருபது வருடத்துக்கு முன்பு கடலில் போனவன் ஒருவன் உண்டு, அவனுக்கு ஒரு விதவையும் ஒரு மகனும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் செத்தவர்களுக்கு ரீஸ்க்ரேத், அதாவது பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, மேசையில் வைப்பது தீவின் வழக்கம். அந்தக் கஞ்சியில் உப்புப் போட மாட்டார்கள். இந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ஆனால் அந்த விதவை வைக்கிற கஞ்சியில் எப்போதும் உப்பு இருக்கும், சின்ன வயதில் அதைத் திருட்டுத்தனமாக நக்கித் தின்ற பக்கத்து வீட்டுப் பெண் அதிகாரியிடம் சொல்கிறாள். அந்தக் கழுதை நான்தான், வேறு யார்? இந்த வருடக் கஞ்சியில் அதிகாரி விரலை விட்டுப் பார்க்கிறாள். உப்பில்லை. பிணம் யாருடையது என்று போலீசுக்கே தெரியாதபோது, புருஷன் செத்துவிட்டான் என்று கிழவிக்கு எப்படித் தெரியும்? அவன் கடலில் போகவேயில்லை. இன்னொருத்தியோடு வேறு ஊரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவனை, குடும்ப மானம் போய்விடும் என்று மகன் அடித்துக் கொன்றிருக்கிறான்.

பேரித் செய்த வேலையைப் பாருங்கள். கோழியறுக்கக் கத்தியைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிற என் அண்ணனைக் கொலைகாரனாக்கிவிட்டாள். தாலியை அறுத்த கையோடு கூடை சுமந்து எங்களை ஆளாக்கிய என் அம்மாவைப் பொய்க்காரியாக்கிவிட்டாள். முழுகிச் செத்த மனுஷனை ஓடிப்போனவனாக்கிவிட்டாள். உப்புக்கு நன்றியாம்! ஈஸ்டர் வாரத்துப் புதன்கிழமை, வேலை முடிந்து போட்டிருந்த உடுப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். ஹித்தேவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், காரின் மேல் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "படித்துவிட்டாயா?"

"இது என் அப்பா" என்றேன்.

"இல்லை தேவகி, இது நாவல். எல்லாவற்றையும் மாற்றிவிட்டேனே. மீன் குழம்பைக் கஞ்சியாக்கியிருக்கிறேன்."

"என்னைக் கேட்கவில்லை. நீங்கள் என் தப்புகளைத்தான் எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன்."

"தப்பா? அன்றைக்கு உன் நார்வேஜியன் ரொம்ப நன்றாக இருந்ததே!" என்றார், என்னைத் தேற்றுகிற குரலில். இவரிடம் என்னத்தைப் பேச? அப்பா செத்த கதையை நம்பிச் சொன்னால் இப்படி விற்பீர்களா என்று, மொழி உடைந்து, பாதி தமிழில் கத்திவிட்டேன். அவர் கட்டையைக் கீழே வைத்தார். உண்மையாகவே குழம்பிப்போன முகம். "செத்த கதையா? அவர் சாகவில்லை, உன் அம்மாவுக்கு அது தெரியும் என்பதுதானே நீ சொன்ன கதை? அதற்காகத்தானே உப்பைப் பற்றிச் சொன்னாய்? உனக்குத் தெரியும் என்றுதான் நான் நினைத்தேன்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் என் நாக்கிலேயே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. கஞ்சிக்கும் குழம்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு வெள்ளைக்காரி, ஒரு காபி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். இதைவிடக் கேவலம் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது சந்தோஷம். அப்பா உயிரோடு இருக்கிறார்! எழுபது வயதிருக்கும். அன்று மாலையிலிருந்து மறுநாள் காலை வரை என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. விமானச் சீட்டுப் பார்த்தேன். உப்பு தின்று வெடித்த அவர் காலுக்கு இந்த ஊர்க் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து வைத்தேன். என்ன கோபத்தோடு போய் நிற்பது, முதலில் திட்டுவதா, காலில் விழுவதா என்று என் வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். "மொதல்ல போன் பண்ணிக் கேளும்மா" என்றார் அந்த மனுஷன். நேராகக் கேட்டால் உண்மை வராது என்று தோன்றியது. பேரித்தின் அதிகாரி எதையும் நேராகக் கேட்க மாட்டாள். நானும் சுற்றி வளைத்துக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள், பெரிய வியாழன் காலை, ஊரில் மத்தியானச் சோறு முடிந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தாள். அண்ணி கஸ்தூரி பெருமுக்கல் பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண். எங்கள் உப்பு விவகாரமெல்லாம் அவளுக்கு வெறும் சமையல் சமாச்சாரம்.

"அண்ணி, தை அமாவாசைக்குப் படையல் போட்டீங்களா?"

"போட்டமே. இன்னா தேவகி, இப்ப போயி கேக்கற?"

"இங்க நான் தனியா போடறேன்ல, முறை மறந்துடுச்சி. தாத்தாவுக்கு உப்பு கிடையாது. அப்பா இலைக்கு அம்மா உப்புப் போட்டுத்தான வைக்கறாங்க?"

"முன்னல்லாம் அப்படித்தான் வைப்பாங்க. இப்ப ரெண்டு வருசமா மாமாவுக்கும் உப்பு வாணாம்னு சொல்லிட்டாங்க அத்த. ரெண்டு இலைக்கும் ஒண்ணா எடுத்து வச்சிட்றோம். வேலையும் மிச்சம்."

காலுறைகள் மேசைமேல் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன்கிட்ட குடுங்க" என்றேன்.

"இன்னாம்மா, லீவா இன்னிக்கி?" என்று அண்ணன் வந்தான்.

"அப்பா எப்படிண்ணா செத்தாரு?"

"இன்னா கேள்வி இது? கழுவெளியில..."

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எப்படி செத்தாருன்னு கேக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு மாட்டுக் கன்று கத்தியது கேட்டது. "யாரு சொன்னா உனக்கு?" என்றான் அண்ணன். நாவலில் மாட்டிக்கொண்ட மகனும் இதைத்தான் கேட்கிறான், அச்சாக இதே வார்த்தை. அடப்பாவி, இல்லை என்றாவது ஒரு தடவை சொல்லக் கூடாதா?

பிறகு கொட்டிவிட்டான். பத்தாம் நாளே தெரிந்துவிட்டதாம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணோடு அப்பாவைப் பார்த்தவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். "பொண்டாட்டிய உட்டுட்டு ஓடனான்னு பேரு வர்றதுக்கு, செத்தான்னே பேரு வரட்டும், காரியத்தப் பண்ணிடலாம்னு அம்மாதான் சொல்லிட்டாங்க. எனக்குப் பதினாறு வயசு, நான் இன்னா பண்ணுவேன்?" அப்பா இடையஞ்சாவடியில் இருந்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறியிருக்கிற இடத்தை ஒட்டிய ஊர் அது, அவர்களுடைய தோட்டம் ஒன்றுக்குத் தண்ணி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்று வருடம் பாண்டிச்சேரி காலேஜுக்கு நான் அந்தப் பக்கமாகத்தான் போய் வந்தேன். மூச்சுத் திணறல் வந்து இறந்தாராம். கொள்ளி வைத்தது அண்ணன். "ஒரு வாட்டி உன் போட்டோவக் கேட்டாருமா. பனியில நின்னியே, அதக் காட்டனேன். பாப்பா கால்ல பூட்ஸு போட்டிருக்குதுன்னு சொல்லி, ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாரு." அவருக்கு என்னைப் பார்க்கக் கிடைத்திருக்கிறது. பேரித்திடம் நான் அப்பா செத்த கதையைச் சொன்ன அந்த நவம்பரில், அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

அம்மா போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "இன்னாடி, உப்பப் பத்தி கேட்டியாமே" என்றாள். குரலில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. "ஆமா, போட்டுத்தான் வச்சேன். ஊருக்காக தாலியக் கழட்டனேன், காரியம் பண்ணேன், எல்லாம் பண்ணேன். உசுரோட இருக்கற மனுசனுக்கு உப்பில்லாத சோத்த எப்படிடி வைப்பேன்? அது கொலையில்ல?"

"செத்தப்பவாவது ஏம்மா சொல்லல?"

"ஒரு ஆளு சாவ எத்தன வாட்டிடி சொல்றது? பத்து வயசுல ஜுரம் வர்ற மட்டும் அழுதுட்ட. போதும்னு உட்டுட்டேன்."

"நடுவுல சொல்லியிருந்தா போயிப் பாத்திருப்பேனேம்மா!"

"அதுக்குத்தான்டி சொல்லல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். பேரித் ஊருக்குத் திரும்பிய பிறகு மன்னிப்புக் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அவரை மன்னித்துவிடலாம் என்றுதான் படுகிறது. திருடியதை வைத்து அந்த அம்மா எனக்கு ஓர் உண்மையைக் கொடுத்தார். பெற்றவளும் கூடப்பிறந்தவனும் எனக்குக் கொடுத்தது என்ன? ஒரு சட்டை, ஒரு சோற்று டப்பா, இருபத்தெட்டு வருடத்துப் பொய். அம்மாவின் அவமானம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிகிறது என்பதற்காக ஆறிவிடுமா? இன்றைக்குவரை அவளுக்கு நான் போன் செய்யவில்லை.

இங்கே வந்த முதல் வருடத்திலிருந்து ஆடியிலும் தையிலும் அப்பாவுக்கு நான் படைக்கிறேன். வாழையிலைக்கு எங்கே போக, பீங்கான் தட்டுதான். வஞ்சிரத்துக்குப் பதில் இந்த ஊர் மீன். உப்பு மட்டும் மரக்காணத்துக் கல்லுப்பு, ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவது. அம்மாவைப் பார்த்துப் பழகியவள் ஆயிற்றே, உப்புப் போட்டுத்தான் வைப்பேன். இப்போது எண்ணிப் பார்க்கிறேன். இந்த இரண்டு வருடமாக, ஒரே அமாவாசைக்கு, மரக்காணத்து இலையில் உப்பில்லாத சோறும் இங்கே என் தட்டில் உப்புப் போட்ட சோறும் அப்பாவுக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. ஈஸ்டர் முடிவதற்குள், அமாவாசை இல்லாவிட்டாலும், மனது கேட்காமல் ஒரு நாள் சோறும் குழம்பும் வைத்தேன். குழம்பு கொதித்தது. உப்பு ஜாடியைத் திறந்துவிட்டு நின்றேன். இனி போடக் கூடாது. அதுதான் முறை. வெளியே பால்கனிக் கம்பியில் இந்த ஊர்க் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து சட்டியையே பார்த்தது. இங்கே காக்கை பாதி உடம்பு கறுப்பு, பாதி சாம்பல் நிறம், நம்மூர்க் காக்கை என்று நினைத்துக் கூப்பிட்டால் பறந்துவிடும்.

போட்டேன். கைநிறைய அள்ளி, அப்பாவுக்குப் பிடித்த அளவுக்குப் போட்டேன். நானாகக் கண்டுபிடித்தது சேதி ஆகாது. அப்பா போய்விட்டார் என்று என் வாசலுக்கு வந்து இன்னும் யாரும் சொல்லவில்லை.